ஐந்தாறு பாடங்களில் உலகம்: குளோபல் ஸ்டடீஸை மைனராக எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் தேவைப்படுகின்றன. மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்துக்கும் எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்களுக்கும் உரியவை போக, மாணவர் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய இடம் கொஞ்சம் மிஞ்சும். அந்த இடத்தில் 15 முதல் 21 கிரெடிட்டுகள் வரை, அதாவது ஐந்து முதல் ஏழு பாடங்கள் வரை, இன்னொரு துறையில் முறையாகப் படித்து முடிப்பதற்குத்தான் மைனர் என்று பெயர். கணினி அறிவியல், உயிரியல், பொறியியல், வணிகவியல் போன்றவற்றை முதன்மையாகப் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் குளோபல் ஸ்டடீஸ் என்னும் உலகளாவிய ஆய்வியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே படிக்கச் செல்பவர்களையும், அங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது கல்லூரியில் நுழையும் தமிழ்ப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த மைனருக்கு அனுமதிக்கப்படும் பாடங்களின் பட்டியல் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மிக நீளமானது. மானுடவியல், பொருளாதாரம், வரலாறு, புவியியல், அரசியல், சுற்றுச்சூழல், சமயம், இலக்கியம் என்று பத்துத் துறைகளின் பாடங்கள் அதில் இடம்பெற்றிருக்கும். நேரத்துக்குப் பொருந்துவது, எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னது, தலைப்புக் கவர்ச்சியாக இருப்பது என்று ஆளுக்கொரு காரணத்தால் ஆறு பாடங்களைப் பொறுக்கி எடுத்தவர்கள், நான்காம் ஆண்டின் இறுதியில் எதைப் படித்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். ஆறு பாடங்கள் என்பது மிகச் சிறிய அளவு. ஆகவே பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான யோசனை அதுதான்.

இந்தத் துறை எதைப் படிக்கிறது

சர்வதேச உறவுகள் என்னும் துறையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சர்வதேச உறவுகள் நாடுகளை அடிப்படை அலகாக வைத்துப் பேசும் துறை. போர், ஒப்பந்தம், தூதரகம், கூட்டணி ஆகியவை அதன் பேசுபொருள்கள். உலகளாவிய ஆய்வியலோ நாட்டு எல்லைகளைக் கடந்து ஓடுகிறவற்றைப் பின்தொடர்கிறது. சரக்கு, பணம், புலம்பெயரும் மனிதர்கள், நோய்க்கிருமிகள், செய்திகள், வழிபாட்டு முறைகள், சட்டக் கருத்துகள் எல்லாம் அதற்குள் வரும். அரசுகள் அதில் இல்லாமல் போவதில்லை. ஆனால் நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், மீனவர் அமைப்புகள், நீதிமன்றங்கள் என்று பலரோடு சேர்ந்து ஒருவராக நிற்கின்றன.

அறிமுகப் பாடத்தில் இரண்டு பெயர்களையாவது நீங்கள் சந்திக்க வாய்ப்புண்டு. முதலாமவர் இமானுவேல் வாலர்ஸ்டைன். உலகப் பொருளாதாரத்தை மையம், அரை விளிம்பு, விளிம்பு என்ற மூன்று அடுக்குகளாகப் பார்க்கும் உலக அமைப்புக் கோட்பாட்டை 1974 முதல் விரிவாக எழுதியவர். மற்றவர் அர்ஜுன் அப்பாதுரை. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இந்த மானுடவியலாளர், மனிதர்கள், தொழில்நுட்பம், பணம், ஊடகம், கருத்துகள் ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் தனித்தனி வேகத்தில் உலகெங்கும் நகர்கின்றன என்று 1990-ல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. உலகளாவிய ஓட்டங்களைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர் நீண்ட காலம் ஆராய்ந்தது சென்னையின் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலை. கோயிலின் மரியாதைகள் யாருக்கு, நிர்வாகம் யார் கையில், ஆங்கிலேயர் ஆட்சியின் நீதிமன்றங்கள் அந்தச் சண்டைகளில் என்ன செய்தன என்பவையே அவர் எழுப்பிய கேள்விகள். ஒரே ஓர் இடத்தை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவர்தான் பின்னர் உலகத்தைப் பற்றிப் பேசினார் என்பதை மைனர் எடுக்கும் மாணவர்கள் கவனத்தில் கொள்வது நல்லது.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

உலகமயமாக்கல் நல்லதா கெட்டதா என்பது இத்துறைக்கு ஏற்ற கேள்வி அன்று. அதற்கு ஆறு பாடங்களிலும் விடை கிடைக்காது, அறுபது பாடங்களிலும் கிடைக்காது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து, அல்லது நீங்கள் நேரில் அறிந்த ஓர் ஊரிலிருந்து தொடங்குங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட இறாலை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் உறைநிலையில் விற்கப்படும் இறாலில் பெரும்பங்கு இறக்குமதி செய்யப்படுவது. அதை அதிகமாக அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஈக்குவடாரும் முன்னணியில் உள்ளன. இந்தியாவில் இன்று மிகுதியாக வளர்க்கப்படும் வனாமி இறால் இந்தியக் கடலுக்கு உரியதே அன்று. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் நாட்டு வரி இறால் (டைகர் இறால்) பண்ணைகளை அழித்த பிறகு, மாற்று இனத்தைத் தேடிய இந்தியா 2009-ல் வனாமிக்கு அனுமதி வழங்கியது. நோயற்றவை என்று சான்று பெற்ற தாய் இறால்கள் ஹவாய் போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் மையத்தில் தங்கி, பிறகு குஞ்சுப் பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. அவற்றின் குஞ்சுகள் பெரும்பாலும் ஆந்திரக் கரையோரப் பண்ணைகளில் வளர்ந்து, உறைந்த பொட்டலங்களாக மீண்டும் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்கின்றன. உயிரியல் மாணவர் ஒருவருக்கு இந்தச் சுற்றுப்பயணமே போதுமான தொடக்கம்.

இப்போது இதனுள் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். வணிகச் சட்டப் பாடத்தில் உலக வணிக அமைப்பின் புகழ்பெற்ற இறால்–ஆமை வழக்கைப் படிக்கலாம். இழுவைமடிகளில் சிக்கிக் கடலாமைகள் இறப்பதைத் தடுக்க, ஆமை விலக்கும் சாதனம் பொருத்தாமல் பிடிக்கப்பட்ட இறாலை அமெரிக்கா தடை செய்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு வழங்கிய தீர்ப்பு நுட்பமானது. ஆமைகளைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது என்றும், கரீபியப் பகுதி நாடுகளுக்குக் கொடுத்த அவகாசத்தையும் உதவியையும் ஆசிய நாடுகளுக்குக் கொடுக்காமல் அதைச் செயல்படுத்திய விதம் பாரபட்சமானது என்றும் அது கூறியது. சுற்றுச்சூழலா வணிகமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மேடைப்பேச்சுக்கும் உண்மையான சட்டத்துக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு தீர்ப்பே காட்டிவிடும். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய 2025 ஜனவரியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது பழைய வழக்காகவும் தோன்றாது.

பொருளாதாரப் பாடத்தில் வரிகளைப் பார்க்கலாம். லூசியானா, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களின் இறால் மீனவர்கள் எழுப்பிய முறையீட்டின் பேரில் அமெரிக்கா 2005-ல் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் இறால் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது நியாயமற்ற குறைந்த விலையில் இறக்குமதியாகும் பொருளுக்கு எதிரான வரி, விதித்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதத்தை எட்டியபோது ஆந்திரப் பண்ணையாளர்கள் மீண்டும் கலங்கினார்கள். இந்த இரு தரப்பிலும் இருப்பவர்கள் கடலையும் கடனையும் நம்பி வாழ்பவர்கள் என்பதைப் புள்ளிவிவரத்தோடு சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும்.

சமூக இயக்கங்களைப் பற்றிய பாடத்தில் நாகப்பட்டினம் வரும். 1990-களில் நாகை, தஞ்சைக் கரையோர நிலங்கள் இறால் பண்ணைகளாக மாறி, பக்கத்து வயல்களும் குடிநீரும் உப்பேறியபோது, காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கிராம மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர உயிர்வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டத்தை இயற்றியது; பண்ணைகள் பதிவு பெற்றுத் தொடர வழி பிறந்தது. ஒரு தீர்ப்புக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையிலான அந்த ஒன்பது ஆண்டுகள் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல களம். வழக்கின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த ஊர்களின் நினைவு தமிழில் இருக்கிறது. இரண்டையும் படிக்கவும் கேட்கவும் கூடிய மாணவர் வகுப்பில் பெரும்பாலும் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

இறால் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. செவிலியர் இடப்பெயர்வு, திருப்பூர்ப் பின்னலாடை, கடலடிக் கம்பிவடம், இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் 99 ஆண்டுக் குத்தகை, அகதிகளைப் பற்றிய 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாமை என்று எதிலிருந்தும் தொடங்கலாம். உங்கள் மேஜருக்கு அருகில் இருக்கும் கேள்வியாக அமைந்தால் உழைப்பு மிச்சமாகும். உங்கள் மனத்தைத் தொந்தரவு செய்யும் கேள்வியாகவும் இருந்தால் உழைப்புச் சலிக்காது.

விதிகளைப் படித்தல்

கேள்வி கிடைத்ததும் துறையின் விதிப் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். வழக்கமான அமைப்பு இதுதான்: ஓர் அறிமுகப் பாடம் கட்டாயம், பிறகு பொருளாதாரம், பண்பாடு, சுற்றுச்சூழல் போன்ற கருப்பொருள் பிரிவுகளிலிருந்து சில, ஏதேனும் ஓர் உலகப் பகுதியைப் பற்றி ஒன்றிரண்டு, சில இடங்களில் மொழித் தேர்ச்சியும் இறுதிக் கருத்தரங்கும். செமஸ்டர் முறைக்குப் பதிலாகக் குவார்ட்டர் முறையில் இயங்கும் பல்கலைக்கழகங்களில் கிரெடிட் எண்ணிக்கை வேறாக இருக்கும் என்பதால், எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பாடங்களைக் கணக்கிடுவது தெளிவு தரும்.

மூன்று விதிகளில்தான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்ட எத்தனை முறை அனுமதி உண்டு என்பது முதலாவது. ஒன்றிரண்டு பாடங்களுக்கு மேல் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவாகும் முறையில் எடுத்த பாடம் மைனருக்குச் செல்லாமல் போகலாம் என்பது அடுத்தது. மேல்நிலைப் பாடங்களுக்கு வேறு துறையின் முன்தேவைப் பாடம் இருக்கலாம் என்பது கடைசி. சர்வதேச வணிகம் பற்றிய பொருளாதாரப் பாடத்தைப் பட்டியலில் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் இரண்டு அடிப்படைப் பொருளாதாரப் பாடங்கள் தேவை என்பதை மூன்றாம் ஆண்டில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. பொதுப் பாடங்களின் ஒதுக்கீட்டையும் மைனரின் ஒதுக்கீட்டையும் ஒரே பாடத்தால் நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். முதலாண்டிலேயே இதைத் திட்டமிட்டவர்களுக்கு மைனர் ஏறத்தாழச் சுமையே இல்லாமல் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மைனரை முறைப்படி அறிவித்துவிடுங்கள். அறிவித்தவர்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கும் கருத்தரங்குகள் உண்டு. துறை ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, எடுத்த பாடங்களையும் எடுக்கவிருக்கும் பாடங்களையும் பருவவாரியாக எழுதிய ஒரு பக்கத் தாளோடு போங்கள். பட்டியலில் இல்லாத ஒரு பாடம், உதாரணமாகக் கடல்சார் உயிரியல் துறையின் மீன்வள மேலாண்மைப் பாடம், உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது என்றால் அதை மாற்றாக ஏற்கும்படி எழுத்தில் கேட்கலாம். கேள்வியைத் தெளிவாகச் சொல்லும் மாணவருக்கு ஆலோசகர்கள் பெரும்பாலும் இசைவார்கள். அனுமதி கிடைத்தால் அது, பட்டத்துக்கான தேவைகள் நிறைவேறியதைக் காட்டும் பட்டத் தணிக்கைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாய்மொழி உறுதியை நம்பி இறுதிப் பருவம் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில், மூன்றாண்டுப் பட்டத்துக்கு 24 கிரெடிட்டுகளும் நான்காண்டுப் பட்டத்துக்கு 32 கிரெடிட்டுகளும் மைனருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் குளோபல் ஸ்டடீஸ் என்ற பெயரில் மைனர் இல்லாவிட்டாலும், அரசியல், பொருளாதாரம், வரலாறு ஆகியவற்றில் கிடைப்பதை மேலே சொன்ன முறையில் ஒரு கேள்வியைச் சுற்றிக் கோக்க முடியும்.

மொழி

மொழித் தேர்ச்சி கட்டாயம் இல்லாத இடத்திலும் ஒரு மொழியைப் படியுங்கள் என்றே சொல்வேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்குத் தேவைப்படும் காலத்தைக் கணக்கிட்டிருக்கிறது. பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற ஸ்பானிய மொழிக்குச் சுமார் 30 வாரங்கள், தமிழுக்குச் சுமார் 44 வாரங்கள், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 88 வாரங்கள் முழுநேரப் பயிற்சி வேண்டும். கல்லூரியில் வாரம் ஐந்து மணி நேரம் படிப்பவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆகவே முதலாண்டிலேயே தொடங்க வேண்டும், தொடங்கியதை இடையில் விடக் கூடாது.

தமிழ் தெரிந்திருப்பதைக் காட்டி மொழி நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற முடியுமா என்று கேட்கிறார்கள். பல இடங்களில் தேர்வு எழுதி விலக்குப் பெறலாம். ஆனால் விலக்குப் பெற்ற நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஈக்குவடாரின் இறால் பண்ணைகளையும் இந்தியப் பண்ணைகளையும் ஒப்பிட விரும்புபவருக்கு ஸ்பானியம் வேண்டும். இலங்கையைப் பற்றி எழுதுபவருக்குச் சிங்களம் வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் மட்டுமே தெரிந்து படிக்கவோ எழுதவோ வராத பிள்ளைகள், தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் இருந்தால் தமிழையே முறையாகப் படிக்கலாம். பெர்க்லி, சிகாகோ போன்ற இடங்களில் அதற்கு நீண்ட மரபு இருக்கிறது.

வெளிநாட்டுப் பருவமும் விசாவும்

வெளிநாட்டில் ஒரு பருவம் படிப்பது இந்த மைனரின் கவர்ச்சியான பகுதி. போகும் நாடு உங்கள் கேள்வியோடு தொடர்புடையதாக இருக்கட்டும். அங்கே எடுக்கும் பாடங்கள் மைனருக்குக் கணக்காகும் என்ற ஒப்புதலைப் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பெல் கிராண்ட் என்னும் அரசு நிதியுதவியில் படிக்கும் மாணவர்கள் கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சில விஷயங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே தங்கும் காலம் விசா நிலையைப் பாதிக்கக்கூடும் என்பதால், வெளிநாட்டுப் பருவத்தைத் திட்டமிடும்போதே சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கலந்து பேசுங்கள். படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. பணி அனுமதி மேஜரோடு நேரடித் தொடர்புள்ள வேலைக்கே உரியது. மைனரை அடிப்படையாகக் காட்டி அதைப் பெற முடியாது. மைனர் முடியவில்லை என்ற காரணத்துக்காக, படிப்புக் காலத்தைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 ஆவணத்துக்கு நீட்டிப்புக் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இதையெல்லாம் சொல்வது அச்சுறுத்துவதற்காக அல்ல. பெரும் கட்டணம் செலுத்தி, வீட்டின் எதிர்பார்ப்பைச் சுமந்து செல்லும் பிள்ளைகள் தெரியாத ஒரு விதியால் இழப்பைச் சந்திப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

வாசிப்பும் எழுத்தும்

இத்துறையின் வகுப்புகளில் வாரத்துக்கு நூறு பக்கங்களுக்கு மேல் வாசிக்கச் சொல்வது இயல்பு. அறிவியல் மாணவர்களுக்கு இது முதலில் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர் யாரை மறுக்கிறார், எந்தச் சான்றை நம்புகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்ற மூன்றையும் ஐந்து வரிகளில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் தேர்வுக்கு முன் திரும்ப வாசிக்க வேண்டிய தேவை குறைந்துவிடும்.

கட்டுரை எழுதும்போது பிறர் சொன்னதைத் தொகுப்பதோடு நிறுத்தாமல் மூல ஆவணங்களுக்குப் போங்கள். உலக வணிக அமைப்பின் தீர்ப்புகளும் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் காம்ட்ரேடு தரவுத்தளத்தில் சுங்கக் குறியீட்டைக் கொண்டு எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு அனுப்பியது என்று தேடலாம்; நண்டு, இறால் வகைகளுக்கான குறியீடு 0306. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மீன்வளத்தின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிடுகிறது. இத்தகைய ஆவணங்களை எங்கே தேடுவது என்பதில் பல்கலைக்கழக நூலகர்கள் தேர்ந்தவர்கள். ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் ஒரு வார அலைச்சல் மிச்சமாகும்.

ஒவ்வொரு பாடத்தின் இறுதிக் கட்டுரையையும் உங்கள் கேள்வியின் ஒரு பகுதியாகவே எழுத முயலுங்கள். சட்டப் பாடத்தில் ஆமை வழக்கு, பொருளாதாரப் பாடத்தில் வரி, மானுடவியலில் இறால் உரிக்கும் கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் என்று மூன்று நான்கு கட்டுரைகள் சேர்ந்துவிட்டால், இறுதிக் கருத்தரங்குக்கு வரும்போது பாதி நூற்பட்டியலும் பாதி வாதமும் கையில் இருக்கும். முன்பு எழுதியதை அப்படியே மறுபடி சமர்ப்பிப்பது கல்வி நேர்மைக்கு மாறானது. பழைய கட்டுரையின் மீது புதியதைக் கட்டுவதாக இருந்தால் பேராசிரியரிடம் முதலிலேயே சொல்லி இசைவு பெற வேண்டும்.

கடைசிப் பருவத்தில் பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, மைனருக்கென்று தனி இடம் இருக்கிறதா என்று படிவத்தில் பாருங்கள். மைனர் பெரும்பாலும் பட்டச் சான்றிதழில் அச்சாவதில்லை, மதிப்பெண் பட்டியலில் மட்டுமே ஏறும். வேலைக்கான தன்விவரக் குறிப்பில் குளோபல் ஸ்டடீஸ் மைனர் என்ற ஒரு வரியோடு விட்டுவிடாமல், அதன் கீழே உங்கள் இறுதிக் கட்டுரையின் தலைப்பையும் எழுதுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.